கன்னத்து மச்சமும் குதிகால் கறையும்

பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி வரும். அதை நிரப்புவதற்காக வகுப்பாசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சட்டைக் கையை மடக்கச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லி, வெளியே தெரிகிற இரண்டு மச்சங்களைத் தேடி எழுதிக்கொள்வார். வலது கன்னத்தில் ஒன்று, இடது முழங்கையில் ஒன்று. அதன் பிறகு அந்த மச்சங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறவியிலேயே வந்தது, கடைசிவரை அப்படியே இருக்கும் என்பதுதான் மச்சத்தைப் பற்றி நம்மிடையே உள்ள எண்ணம். ஆள் அடையாளத்துக்கு அதை நம்புகிறோம், மச்ச பலன் பார்க்கிறோம், அதிர்ஷ்டசாலியை மச்சக்காரன் என்கிறோம். ஆனால் பெரும்பாலான மச்சங்கள் பிறவியில் வருவதில்லை. குழந்தைப் பருவத்தில் தொடங்கி முப்பது, நாற்பது வயதுவரை ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. நடுவயதுக்குப் பின் சில மேடேறி வெளுக்கின்றன. முதுமையில் சில மறைந்தே போகின்றன. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு கரும்புள்ளி முளைத்தால் அதை வழக்கமான மச்சம் என்று விட்டுவிடக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தோலைக் கீறாமலே மச்சத்தின் உள்ளே பார்க்க ஒரு கருவி இருக்கிறது. டெர்மோஸ்கோப் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், அதைச் சுற்றி வெளிச்சம், அவ்வளவுதான். இதைப் பற்றி உலகம் எழுதிவைத்திருப்பதில் பெரும்பகுதி வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சென்னையின் மேற்குப் புறத்தில் வாழும் நம் தோலுக்கு அதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இந்த லென்ஸ் முதலில் போக வேண்டிய இடம் உள்ளங்கால்.

வெறும் கண்ணால் பார்க்கும்போது மச்சத்தின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறோம். தோலின் மேல் அடுக்கில் படும் ஒளியில் ஒரு பகுதி அங்கேயே பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கிறது. உள்ளே இருப்பது மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெயோ ஜெல்லோ தடவிக் கண்ணாடியை அழுத்தி வைத்தால் கூச்சம் அடங்கி, மேல்தோல் கிட்டத்தட்டக் கண்ணாடியாகிவிடும். இன்றைய கருவிகளில் ஒளியை முனைவாக்கும் வடிகட்டி இருப்பதால் எண்ணெய் இல்லாமலும் அதே பலன் கிடைக்கிறது. அப்போது தெரிவது மெலனின் என்ற நிறமி எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது. மேலடுக்கில் இருந்தால் கருப்பு. சற்றுக் கீழே, மேல்தோலின் உள்ளே இருந்தால் பழுப்பு. இன்னும் கீழே இறங்கினால் சாம்பல். அடித்தோலின் ஆழத்தில் கிடந்தால் நீலம். நிறமி ஒன்றுதான், ஆழத்துக்கு ஏற்ப ஒளி சிதறும் விதம் மாறுவதால் நிறம் மாறித் தெரிகிறது. ஒரே மச்சத்துக்குள் கருப்பும் சாம்பலும் நீலமும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால், நிறமி இருக்கக் கூடாத இடங்களிலும் இருக்கிறது என்று பொருள்.

இந்த யோசனை புதிதல்ல. 1663இலேயே கோல்ஹாஸ் என்பவர் நகக்கண்ணின் ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். ஹாம்பர்க் நகரின் உன்னா 1893இல் தோலில் எண்ணெய் தடவிப் பார்க்கும் முறையை எழுதினார். 1920, 21ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் சாஃபியர் இதற்கு டெர்மட்டோஸ்கோப்பி என்று பெயர் வைத்தார். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் இதைக் கருநிற மச்சங்களின் பக்கம் திருப்பினார். 1971இல் கிளாஸ்கோவின் ரோனா மெக்கி, அறுவைக்கு முன்பே சாது மச்சத்தையும் புற்றையும் பிரித்தறிய இது உதவும் என்று காட்டினார். ஆனாலும் அன்றைய கருவிகள் மேசையளவு பெரியவை. 1987இல் வியன்னாவில் பெஹாம்பெர்கரும் ஸ்டைனரும் வோல்ஃபும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மச்சங்களைப் பார்த்து, எந்த வடிவம் எதைக் குறிக்கும் என்று ஒரு முறையை வகுத்தார்கள். 1989இல் ஹாம்பர்க் கூட்டம் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கையடக்கக் கருவி கடைக்கு வந்தது. ஆய்வுக்கூடப் பொருளாக இருந்தது டாக்டரின் மேல்சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு வந்தவை மதிப்பெண் முறைகள். 1994இல் மியூனிக்கின் ஸ்டோல்ஸ் குழு, மச்சத்தின் சமச்சீரின்மை, விளிம்பு, நிறங்கள், உள்ளமைப்பு ஆகிய நான்குக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு காரணியால் பெருக்கிக் கூட்டச் சொன்னது. கூட்டுத்தொகை 4.75க்குக் கீழே இருந்தால் சாது, 5.45க்கு மேலே போனால் மெலனோமா என்னும் நிறமிப் புற்று. நடுவில் நின்றால் சந்தேகம். 1996இல் ஆஸ்திரேலியாவின் மென்சீஸ், 1998இல் இத்தாலியின் அர்ஜென்சியானோ என்று வேறு முறைகளும் வந்தன. எல்லாவற்றிலும் எளியது மூன்று அம்சப் பட்டியல். நிறமும் அமைப்பும் ஒருபக்கம் ஒருமாதிரியும் மறுபக்கம் வேறுமாதிரியும் இருக்கிறதா, நிறமி வலை தாறுமாறாக இருக்கிறதா, நீலமும் வெண்மையும் கலந்த இடம் உண்டா? இந்த மூன்றில் இரண்டு இருந்தால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சிறப்பு மருத்துவர் அல்லாதவருக்காகவே வகுக்கப்பட்டது என்பதால் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது.

இதெல்லாம் உண்மையிலேயே பயன்தருகிறதா என்றால், தருகிறது. கொக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு, நோயாளியை நேரில் பார்த்துச் சொன்ன முடிவுகளைத் தொகுத்தது. புற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாக விலக்கும் நிலையில், வெறும் கண்ணால் நூறு மெலனோமாவில் 76ஐக் கண்டுபிடிக்க முடிந்தது, டெர்மோஸ்கோப்பால் 92ஐ. பதினாறு பேர் கூடுதல். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு கிட்லர் குழு 2002இல் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர் கையில் லென்ஸ் கண்ணைவிடத் தெளிவாகப் பலனளித்தது. பயிற்சி இல்லாதவர் கையில் கண்ணைவிட மேலாக எதையும் தரவில்லை. கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு திட்டம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊர்க் கதை. 2020இல் உலகம் முழுவதும் சுமார் 3,25,000 பேருக்கு மெலனோமா வந்தது. 57,000 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வட்டாரத்தில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. நம் தோலின் மெலனின் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது. எனவே நூம்பலில் ஒருவரின் கன்னத்திலோ முதுகிலோ இருக்கும் சாதாரண மச்சம் புற்றாக மாறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. மச்சம் என்றாலே பயப்பட வேண்டியதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இணையத்தில் மேலைநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை நான் அறிவேன்.

ஆனால் மெலனின் காவல் காக்காத இடங்களும் உடம்பில் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாய், மூக்கு, ஆசனவாய் போன்ற ஈரச் சவ்வுகள். வெயிலுக்கும் இந்த இடங்களுக்கும் சம்பந்தமில்லை. இங்கு வரும் மெலனோமா எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. வெள்ளையரிடம் வெயிலால் வரும் வகை மலைபோலக் குவிந்திருப்பதால் அங்கே இது கண்ணில் படுவதில்லை. நம்மிடம் அந்த மலை இல்லாததால், வரும் மெலனோமாவில் பெரும்பங்கு காலிலும் சவ்விலும்தான். வெறுங்காலால் நடப்பதும் முள் குத்துவதும் காரணமா என்ற கேள்வி பழையது. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் 2016இல் உள்ளங்காலின் எந்தெந்த இடத்தில் இது வருகிறது என்று வரைந்து பார்த்தார்கள். எடை தாங்கும் குதிகாலிலும் முன்பாதத்திலும் கூடுதலாகவும், தரையில் படாத நடுவளைவில் குறைவாகவும் இருந்தது. அழுத்தம்தான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் வந்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலைச் சுற்றி வெறுங்கால்கள்தான். மஞ்சள் புடவையோடு பால்குடம் சுமந்து வரும் பெண்களின் பாதங்களை நான் பார்த்திருக்கிறேன்: வெடிப்பு, காய்ப்பு, தார்க் கறை, மருதாணி, பழைய முள் குத்திய வடு. இந்தப் பாதங்களில் ஒரு கருப்புக் கறை கூடினால் யார் கண்டுகொள்வார்கள்? கால் ஆணி என்பார்கள். ரத்தம் கட்டியிருக்கிறது என்பார்கள். சர்க்கரை இருந்தால் சர்க்கரைப் புண் என்பார்கள். வலி இருக்காது. அது புண்ணாகி நீர் வடியும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். உள்ளங்கால் மெலனோமா மற்ற வகைகளைவிட அதிகமாக உயிரைப் பறிப்பதற்குத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

உள்ளங்கால் தோலின் அமைப்பே தனி. விரல் நுனியில் ரேகை ஓடுவதுபோல் பாதம் முழுக்க வரப்பும் வாய்க்காலுமாக வரிகள் ஓடுகின்றன. வியர்வைச் சுரப்பிகள் வரப்பின் உச்சியில் திறக்கின்றன. லென்ஸை வைத்தால் அவை வெள்ளை முத்துகளாக வரிசைகட்டித் தெரியும். அந்த முத்து வரிசைதான் வரப்பு எது, வாய்க்கால் எது என்று காட்டும் அடையாளம். சாதாரண மச்சத்தில் நிறமி வாய்க்காலில் மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவில் நிறமி வரப்பின் மேலேறி அகலமான பட்டையாகப் படரும். டோஷியாகி சைடா தலைமையில் ஜப்பானியர்கள் 712 கருநிறத் திட்டுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இன்றும் இத்துறையின் அடிக்கல். வரப்பில் நிறம் படிந்த அமைப்பு, மெலனோமாவில் 86 சதவீதத்தில் இருந்தது. அந்த அமைப்பு இல்லாத சாது மச்சங்கள் 99 சதவீதம். ஒரு லென்ஸ், ஒரு துளி ஜெல் இவற்றால் இவ்வளவு சொல்ல முடிகிற இடம் உடம்பில் வேறெங்கும் இல்லை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் அருகே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர், மகளின் வற்புறுத்தலால் வந்திருந்தார். இடது முன்பாதத்தில் பயறு அளவு கருப்பு.

“எத்தனை நாளா இருக்கும்மா இது?”

“யாருங்க டாக்டர் பாத்தா? காலுக்கு அடியில இருக்கு. மருதாணி வெக்கறப்போ பொண்ணுதான் பாத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு வெச்சு எடுத்துடலாம்னாங்க.”

“ஒண்ணும் வெக்காதீங்கம்மா. முதல்ல பாத்துடலாம்.”

பாதத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, ஸ்கேன் சென்டரில் தடவுவார்களே, அந்த ஜெல்லை ஒரு சொட்டு வைத்து லென்ஸை அழுத்தினார். என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான பழுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் சாரிசாரியாக. அவற்றுக்கு நடுவே, புள்ளிகளைத் தொடாமல், பேனாவால் இழுத்தது போல் ஐந்தாறு மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே தடிமன், ஒரே நிறம், விளிம்பில் மெதுவாகக் கரைந்து முடிந்தன. பிறகு தன் கணினியில் சேமித்திருந்த ஒரு மெலனோமாவின் படத்தைக் காட்டினார். அதில் கோடுகள் தலைகீழாகியிருந்தன. வெள்ளைப் புள்ளிகள் கருப்புப் பட்டைகளின் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு ஓரம் வெளிர் பழுப்பு, மறு ஓரம் மைக் கருப்பு. எந்த மருத்துவப் படிப்பும் இல்லாத எனக்கே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உடனே பிடிபட்டது. அந்த அம்மாவிடம், “இது மச்சம்தாம்மா, பயப்படாதீங்க. போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவைத்தார்.

வரப்பு, வாய்க்கால் என்ற இந்த விதிக்கும் விலக்குகள் உண்டு. நம் ஊரில் அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் லென்ஸைத் தொடக் கூடாது. தலைக்கு அடிக்கும் டை கால் தோலில் பட்டால் வரப்பில்தான் ஏறும்; மெலனோமா போலவே தெரியும். ஓட்டத்திலோ இறுக்கமான செருப்பிலோ குதிகாலில் கசிந்த ரத்தமும் வரப்பில் படியும். அதைப் பிளேடால் மேலாகச் சீவினால் மேல்தோலோடு வந்துவிடும். சில கீமோ மருந்துகளும் உள்ளங்காலைக் கருக்கவைக்கும். மிகக் கருத்த தோலுள்ளவர்களுக்கு இயல்பாகவே உள்ளங்காலில் கரும்படலங்கள் இருக்கும். இரு கால்களிலும் பலவாக இருப்பது அதன் அடையாளம். ஒற்றையாக, ஏழு மில்லிமீட்டருக்கு மேல், நடுவயதுக்குப் பின் வந்ததென்றால் அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு எச்சரிக்கை: மெலனோமா எப்போதும் கருப்பாக இருக்க வேண்டியதில்லை. உள்ளங்காலில் நிறமே இல்லாத இளஞ்சிவப்பு வகையும் வரும். ஆறாத புண் என்று மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் கால்களில் அது ஒளிந்திருக்கலாம்.

நகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் நிறத்தாருக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு வருவது சாதாரணம். பல விரல்களில், ஒரே சீராக, பல ஆண்டுகளாக இருந்தால் கவலையில்லை. ஒரே விரலில், பெரும்பாலும் கட்டைவிரலில், புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போனால், அடிப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகலாகவும் இருந்தால், கருப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குக் கசிந்தால் உடனே காட்ட வேண்டும். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் கட்டைவிரல் நகத்தின் அடியில்தான். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

முகத்துக்கும் உடம்புக்கும் வந்தால், மேலைநாட்டு விதிகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருக்கிறது. அவர்கள் நூலில் நிறமி வலை தெரிந்தால் அது நிறமி அணுக்களால் ஆன மச்சத்தின் அறிகுறி. நம் தோலிலோ மச்சமே இல்லாத இடத்திலும் மெல்லிய பழுப்பு வலை இயல்பாகவே தெரியும். சாம்பல்நீலப் புள்ளிகள் அவர்களுக்கு எச்சரிக்கை. நமக்கு முகப்பரு, அம்மை, அரிப்பு என்று எது ஆறினாலும் நிறமி கீழிறங்கிச் சாம்பல்நீலமாகத் தங்கிவிடுகிறது. இதை உணர்ந்து இந்திய மருத்துவர்கள் பழுப்புத் தோலுக்கென்று தனியாக எழுதத் தொடங்கினார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் உதய் கோப்கர், கர்நாடகத்தின் பாகல்கோட்டில் பணிபுரியும் பாலச்சந்திர அங்கட் ஆகியோரின் பங்கு பெரிது. அவர்களுடைய படங்களில்தான் நம் தோல் நம் தோலாகத் தெரிகிறது. இந்தியாவில் இந்தக் கருவி மங்கு, வெண்புள்ளி, முடி உதிர்தல், படர்தாமரை ஆகியவற்றைப் பார்க்கத்தான் அதிகம் பயன்படுகிறது. மச்சம் அதற்கு இரண்டாம் வேலை. அதில் குறையொன்றும் இல்லை. தினமும் லென்ஸைத் தொடும் கைக்குத்தான் அரிதானது வரும்போது பிடிபடும்.

முகத்தில் லென்ஸ் செய்யும் பெரிய உதவி, வேண்டாத கத்தியைத் தடுப்பது. கன்னமேட்டில் சின்னச் சின்னதாகப் பரவும் கருப்பு மருக்கள், வயதானவர்கள் முதுகில் மெழுகு ஒட்டினாற்போல் வரும் பழுப்புத் திட்டுகள், இவை மச்சமே அல்ல. லென்ஸில் மூளையின் மடிப்பைப் போன்ற பள்ளங்களும், கொம்புப் பொருள் அடைத்த துளைகளும் தெரிந்தால் முடிவு தெளிவு, அப்படியே விட்டுவிடலாம். மூக்கருகிலும் கண்ணருகிலும் ஆறாமல் பளபளக்கும் கருப்பு மேடு வேறு. அது பேசல் செல் புற்று என்னும் தோல் புற்றாக இருக்கலாம். நம்மவர்களிடம் அது பெரும்பாலும் கருத்தே வருவதால் மச்சம் என்று ஏமாந்துபோகிறோம். லென்ஸில் நீலச்சாம்பல் முட்டைகளும், இலை வடிவ விளிம்பும், கிளைவிட்ட ரத்தக் குழாய்களும் தெரியும். அது மெதுவாக வளரும், அரிதாகவே பரவும். ஆனால் விட்டால் மூக்கைத் தின்றுவிடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வீட்டு வைத்தியமும் அழகு நிலையமும்தான். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பது, அம்மான் பச்சரிசிப் பால் தடவுவது, குதிரைமுடி கட்டுவது என்று மருவுக்குச் செய்வதையெல்லாம் மச்சத்துக்கும் செய்கிறார்கள். இன்று அதன் இடத்தில் இணையத்தில் விற்கும் மச்சம் நீக்கும் கிரீமும், மருத்துவர் அல்லாதவர் வைத்திருக்கும் சுடுமுனைக் கருவியும் லேசரும் வந்திருக்கின்றன. எரித்துவிட்டால் அது என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சாது மச்சமாக இருந்தாலும் அடியில் மிஞ்சிய அணுக்கள் மீண்டும் தாறுமாறாக முளைத்து, லென்ஸிலும் நுண்ணோக்கியிலும் புற்றைப் போலவே தோன்றி மருத்துவரைக் குழப்பும். புற்றாக இருந்தாலோ மேலே ஆறிவிடும், கீழே வளரும். ஆகவே கருநிறமான எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது. மச்சம் என்று எடுத்த எதையும் குப்பையில் போடாமல் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன் மகளின் மச்சத்தை எடுக்க அழைத்துச் செல்லும் தாய்மார்கள் இதை மட்டும் கேட்டாலே போதும்: “டாக்டர், டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?”

லென்ஸ் பார்த்தபின் மூன்று வழிகள்தான். சாது என்று தெளிவாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். சந்தேகம் லேசாக இருந்து, திட்டு தட்டையாகவும் இருந்தால் படம் எடுத்து மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம். மாறாமல் இருந்தால் ஆறு மாதம், ஓராண்டு என்று தள்ளலாம். மேடாக, கெட்டியாக, வளர்ந்துகொண்டே இருப்பதைக் கண்காணிப்பில் வைக்கவே கூடாது. ஆழமாக இறங்கும் வகை வாரக்கணக்கில் வளரும். உடம்பில் பல மச்சம் உள்ளவருக்கு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவதைவிட, மற்ற எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டு நிற்கும் ஒன்றைத் தேடுவது மேல். எடுப்பதென்றால், முடிந்தவரை முழுத் திட்டையும் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் விளிம்போடு எடுக்க வேண்டும். மேலாகச் சீவி எடுத்தால் புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது தெரியாமல் போகும். அந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையை அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் வகுத்தார். நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்வதில் இன்றும் அந்த அளவுதான் முதன்மை. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் போதும், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இரண்டைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர் வெட்ட வேண்டும், நிணக்கணுவையும் சோதிக்க வேண்டும். காலின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் என்பது நடையையே மாற்றிவிடும். பிறவியிலேயே கைப்பிடி அளவோ அதற்கும் பெரிதாகவோ மச்சம் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்களை ஆரம்பத்திலிருந்தே பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

செல்போன் செயலி சொல்லிவிடாதா என்று கேட்பவர்கள் அதிகம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 படங்களைக் கொண்டு கணினிக்குப் பழக்கி, தோல் மருத்துவர்களுக்கு இணையாக அது முடிவு சொன்னதாக வெளியிட்டபோது உலகமே பேசியது. மறு ஆண்டு வெளிவந்த 10,015 டெர்மோஸ்கோப் படங்களின் தொகுப்பு இன்றைய பல செயலிகளுக்குப் பாடநூல். அந்தப் படங்கள் வியன்னாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்தும் வந்தவை. 2022இல் எல்லா நிறத் தோலும் அடங்கிய 656 படங்களை வைத்துச் சோதித்தபோது, கருத்த தோலில் இந்த நிரல்களின் திறன் சரிந்தது. பழுப்புத் தோலையும் உள்ளங்காலையும் போதிய அளவு பார்க்காத நிரலிடம் நம் உள்ளங்காலைக் காட்டி ஆறுதல் தேடுவது ஆபத்து. படம் எடுத்துவைக்கவும் மருத்துவருக்கு அனுப்பவும் போன் அருமையான துணை. தீர்ப்பு சொல்லும் வேலையை அதனிடம் ஒப்படைக்க இன்னும் காலம் வரவில்லை.

நூம்பலைப் பொறுத்தவரை மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, வரதராஜபுரத்தில் பனிமலர், தண்டலத்தில் சவீதா என்று மருத்துவக் கல்லூரிகள் இந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. பூந்தமல்லியில் அரசு மருத்துவமனை உண்டு. தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. இருக்கிறது. புற்று என்று தெரிந்துவிட்டால் அடையாறு, ராயப்பேட்டை மருத்துவமனைகள் எட்டும் தூரம். குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. வலிக்காத ஒரு கறைக்காக ஒரு நாள் கூலியை விட்டு யாரும் ஓ.பி. வரிசையில் நிற்க மாட்டார்கள்.

ஆனால் அதே மனிதர்களின் கால்களை அரசு ஏற்கனவே பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்றே ஒரு திட்டம் இருக்கிறது. உணர்ச்சி இருக்கிறதா, ரத்த ஓட்டம் இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்க்கும் செவிலியர் அதே நிமிடத்தில் கறை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அவர் லென்ஸ் பழக வேண்டியதில்லை. ஒற்றைக் கருப்பு, ஏழு மில்லிமீட்டருக்கு மேலான திட்டு, ஆறாத சிவப்புப் புண், ஒரே நகத்தில் புதிய கோடு. இந்த நான்கில் ஒன்றைக் கண்டால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வட்டார மருத்துவருக்கு அனுப்பினால் போதும்.

லென்ஸ் அந்த வட்டார மருத்துவரிடம் இருக்க வேண்டும். கையடக்கக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. போனில் மாட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. வரப்பையும் வாய்க்காலையும் பிரித்தறியும் பயிற்சியை இந்தப் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகள் தரலாம். வாரம் ஒருநாள் படங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அப்படிச் சேரும் படங்கள், நோயாளியின் பெயர் நீக்கி, பயாப்சி முடிவோடு பாதுகாக்கப்பட்டால், சில ஆண்டுகளில் சென்னையின் மேற்குப் புறத்துப் பாதங்களின் தொகுப்பு ஒன்று உருவாகிவிடும். நம் தோலைப் பற்றி நாமே விதி எழுதவும், வருங்கால நிரல்களுக்கு நம் உள்ளங்காலைக் கற்றுக்கொடுக்கவும் தேவைப்படுவது அந்தத் தொகுப்புதான்.